குடும்பத்தின் சார்பில்

என் பெயர் மட்டும் தாங்கி அச்சில் வந்த முதல் கட்டுரை, நான் நேரில் பார்த்தே இராத ஒருவரின் வாழ்க்கை வரலாறு. பழனி மலைகளின் பெரணிச் செடிகளை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். பூக்காத, விதை வைக்காத, இலையின் அடிப்பக்கம் பழுப்புப் பொட்டுகளைச் சுமக்கிற செடிகள் பெரணிகள். கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில்தான் அவரும் பாடம் நடத்தியிருக்கிறார். நான் சேர்வதற்கு முன்பே ஓய்வு பெற்றார். நான் சேர்ந்த வருடம் இறந்துபோனார். எல்லோரும் அவரை மேடம் என்றே சொல்வார்கள். அவருடைய கணவரும் அதே துறையில் புல்லினங்களை ஆராய்ந்தவர். அவரைச் சார் என்பார்கள். இருவருக்கும் அந்தக் கல்லூரியில் வேலை பார்க்கும்போதுதான் பழக்கம், அப்போதுதான் கல்யாணம்.

இந்தக் கடைசி வாக்கியம் என் கட்டுரையில் கிடையாது. மறதியால் விட்டது அல்ல. வேண்டுமென்றே விட்டேன். விடுவதற்காக வாதாடி ஜெயிக்கவும் செய்தேன்.

எங்கள் துறையில் பணிபுரிந்து மறைந்த ஆசிரியர்களின் வரலாறுகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போடலாம் என்று துறைத் தலைவர் சொன்னபோது, மேடத்தைப் பற்றி நான்தான் எழுதுவேன் என்று முந்திக்கொண்டேன். அந்தப் பட்டியலில் ஒரே பெண் அவர். என் சொந்த ஊர் ஆயக்குடி. அம்மா கொய்யாத் தோட்டங்களில் பழம் பறித்து, பழனி அடிவாரத்துக்குக் கொண்டுபோய் விற்று என்னைப் படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு பெண் தன் மூளையால் மட்டும் நின்றதை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் அந்தத் துறையில் இல்லை என்று உறுதியாக நம்பினேன்.

அதற்குக் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது என் முதல் ஆய்வுக் கட்டுரையில் உடன் படித்த ஒருவன் பெயரும் என் பெயரும் சேர்ந்து வந்தன. அவன் படங்களை வரைந்தான். நுண்ணோக்கியில் மாதக்கணக்காகக் கண் வலிக்கப் பார்த்தது நான். கட்டுரை வந்த அன்று ஆய்வகத்தில் ஒரு சீனியர், “பாத்தது அவன், பேரு போட்டுக்கிட்டது இவ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதன் பிறகு ஒரு பெண்ணின் பெயர் பக்கத்தில் ஓர் ஆணின் பெயரைப் பார்த்தாலே எனக்கு உறுத்தும்.

மேடத்தைப் பற்றித் தேடியபோது ஒரு பழைய கருத்தரங்க மலர் கிடைத்தது. அதில் அவருடைய அறிமுகம் சாருடைய பெயரில் ஆரம்பித்தது. இன்னாரின் துணைவியார், கணவரைப் போலவே இவரும் செடிகளில் ஆர்வமுள்ளவர் என்று இருந்தது. பெரணிகளைப் பற்றி அந்த அம்மாள் எழுதியதை மேற்கோள் காட்டாமல் இந்த மலைகளைப் பற்றி யாரும் ஒரு பக்கம் எழுத முடியாது. ஆர்வமுள்ளவராம்! என் கட்டுரையில் துணைவியார் என்ற சொல்லே வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

விஷயம் வேண்டுமே. மேடத்தைப் பற்றி முழுக்கத் தெரிந்த ஆள் சார் ஒருவர்தான். வட்டக்கானல் போகிற சாலையில், பள்ளத்தில் இறங்கிப் போக வேண்டிய சின்ன வீடு. பிள்ளைகள் இல்லை. சார் சிலோனில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரோடு இந்தப் பக்கம் வந்தவர். போனதும் பால் விடாத தேநீரைக் கொண்டுவந்து வைப்பார். அதைத் தேத்தண்ணி என்பார். மழை பிடித்துக்கொண்ட மாதங்களில் சனிக்கிழமைதோறும் போனேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். மன்னவனூர்ப் பக்கத்துச் சோலைகளில் அட்டைக் கடியோடு அலைந்தது, காட்டெருமைக் கூட்டம் வழிமறித்ததில் பாறைமேல் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது, யாரும் பார்த்திராத ஒரு சிறிய பெரணியை ஓடை ஓரத்தில் மேடம் முதலில் கண்டுகொண்டது. கண்டதும் கத்தாமல், மூச்சே விடாமல் மெதுவாகக் குத்தவைத்து உட்கார்ந்தாராம். “மூச்சு விட்டா அது ஓடிப்போயிரும்ங்கிற மாதிரி” என்றார்.

ஒரு நாள் நான் போனபோது மேசையில் செய்தித்தாள் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். செடியைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் இறுக்கிக் கட்டி உலர்த்துவது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. சமவெளியில் தானாக உலர்ந்துவிடும். கொடைக்கானல் ஈரத்தில் தாளே தண்ணீர் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். தினமும் தாள் மாற்ற வேண்டும். புல் என்றால் ஒருவரே மாற்றிவிடலாம். பெரணியின் இலை அப்படி இல்லை. ஒருவர் இரண்டு கையாலும் தாங்கித் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஈரத்தாளை உருவிவிட்டுக் காய்ந்த தாளை உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் ஓரங்கள் உதிர்ந்துவிடும். “வாங்கம்மா, சும்மா நிக்காம இந்தப் பக்கம் பிடிங்க” என்றார். பிடித்தேன். முதல் இலையிலேயே நுனியை ஒடித்துவிட்டேன். அவர் அடுத்த இலையை எடுத்தார். “எங்க குடித்தனமே தாள் மாத்துனதுதான். சண்டை போட்டா பேச மாட்டா. ஆனா தாள் மாத்துற நேரத்துக்கு வந்து நின்னுருவா. பேசாமலே மாத்துவோம்” என்றார்.

இன்னொரு நாள், மேடம் இறந்த கதையைச் சொன்னார். மேடத்தின் பிறந்த வீடு பழனி மலைக்கோயிலில் பரம்பரையாக ஊழியம் செய்கிற குடும்பம். சார் வேறு சாதி, அதிலும் லயத்துப் பிள்ளை. கல்யாணம் ஆன நாளிலிருந்து போக்குவரத்து கிடையாது. இறந்த செய்தி கேட்டதும் மேடத்தின் தம்பி வேன் பிடித்து வந்து, தங்கள் முறைப்படி செய்ய வேண்டும் என்று உடலைக் கீழே பழனிக்குக் கொண்டுபோய்விட்டார். சார் பேருந்தில் போய்ச் சுடுகாட்டில் கூட்டத்தோடு நின்றிருக்கிறார். அடிவாரத்துச் சுவர்களில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் தம்பி பெயர், அவர் மனைவி பெயர், பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் வரைக்கும் இருந்தது. சார் பெயர் இல்லை.

“போட்டோவும் அவ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி எடுத்தது. போஸ்டர்ல அவளுக்குக் கல்யாணமே ஆகல” என்று சார் சிரித்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இது எவ்வளவு பெரிய அநியாயம், சும்மாவா விட்டீர்கள் என்று கேட்டேன். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.

அன்று கோபத்தோடு மேடேறி வந்தவள்தான், அடுத்த வாரம் உட்கார்ந்து அந்தக் கட்டுரையை எழுதினேன். இதை எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கே நம்பமுடிவதில்லை. கையெழுத்துப் பிரதியில் சார் சொன்ன காடுகள் எல்லாம் வந்தன, சார் வரவில்லை. காட்டில் இருவர் இருந்த இடத்தில் ஒருவரை எடுத்தால் வாக்கியத்தில் ஒரு பள்ளம் விழும். அதை மூட நான் ‘தனியாக’ என்று போட்டேன். தனியாகச் சோலைகளில் அலைந்தார். தனியாகப் பாறைமேல் காத்திருந்தார். தாமே தினமும் தாள் மாற்றிச் செடிகளைக் காத்தார். நுனி ஒடிந்த இலையைப் பிடித்திருந்த கையால்தான் இதை எழுதினேன்.

விடுமுறைக்கு ஆயக்குடி போனபோது அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கணவர் பெயரை ஏன் விட்டேன் என்பதையும் விளக்கினேன். அம்மா காலை வெள்ளனே தோட்டத்துக்குப் போய் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “நல்ல சோலி பண்ணுன. என்னைப் பத்தி எழுதுனாலும் உங்கப்பன் பேரப் போட்டுறாத. கூடையைச் சொமந்தது நானு, கட்டில்ல கெடந்தது அவரு” என்றார். உள்ளே கட்டிலிலிருந்து அப்பா இருமினார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் கொள்கைக்கு வீட்டிலேயே ஆதரவு கிடைத்துவிட்டது.

துறைத் தலைவர்தான் தயங்கினார். நல்ல மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். கட்டுரையைப் படித்துவிட்டு, கடைசியில் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி போட்டுவிடலாமே, சாரும் நம் துறைக்காரர்தானே என்றார். கூட்டத்தில் எல்லா ஆசிரியர்களும் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

“மத்த கட்டுரை எதுலயாவது மனைவி பேரு இருக்கா சார்? யாரு வீட்டம்மா பக்கம் பக்கமா டைப் அடிச்சுக் குடுத்தாங்க, யாரு படம் வரைஞ்சு குடுத்தாங்கன்னு ஒரு வரி இருக்கா? பொம்பளைன்னா மட்டும் புருஷன் பேரு வேணுமா?”

 மற்றக் கட்டுரைகளில் ஒன்றிலும் இல்லை. எழுதியவர்களுக்கே தெரியும். பெண் ஆசிரியர்கள் இரண்டு பேர் மெதுவாகக் கைதட்டினார்கள். தலைவர் சிரித்தபடி, உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டார். அன்று விடுதி வரைக்கும் குளிரே தெரியாமல் நடந்தேன்.

நான் அன்று கேட்டது தவறு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஓர் ஆணின் வரலாற்றில் மனைவி பெயர் இல்லாவிட்டால் அவர் வேலை தெரிகிறது. ஒரு பெண்ணின் வரலாற்றில் கணவர் பெயர் வந்துவிட்டால் பல பேருக்கு வேறு எதுவும் தெரிவதில்லை. அது உண்மை. ஆனால் ஆண்களின் கட்டுரைகளில் மனைவியரைச் சேர்க்கச் சொல்லி நான் வாதாடியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. விடுவதுதான் தோன்றியது.

இன்னொன்றும் தோன்றவில்லை. மேடத்தின் அப்பா பெயரையும் பழனியில் பிறந்ததையும் கோயில் ஊழியக் குடும்பத்தையும் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். வாழ்க்கை வரலாறு பிறப்பில்தானே தொடங்கும்? கணவர் பெயர் அவரைச் சிறுமைப்படுத்தும் என்று நினைத்த எனக்கு, அப்பா பெயர் வெறும் தகவலாகப் பட்டது.

புத்தக வெளியீட்டு விழா கல்லூரி அரங்கில் நடந்தது. தொகுத்து வழங்கியது நான். அம்மா வாங்கிக் கொடுத்த பச்சைப் பட்டுச் சேலை கட்டியிருந்தேன். ஒவ்வொரு ஆசிரியர் பெயரையும் நான் வாசிக்க வாசிக்க, அவர் குடும்பத்திலிருந்து ஒருவர் மேடைக்கு வந்து பொன்னாடையும் புத்தகமும் பெற்றுக்கொள்ள வேண்டும். யாரை அழைப்பது என்பதை அலுவலகத்தில் கட்டுரைகளைப் பார்த்தே முடிவு செய்து அழைப்பு அனுப்பியிருந்தார்கள். வாசிக்க வேண்டிய அட்டைகளை வரிசைப்படுத்தி என் கையில் கொடுத்தார்கள். நான் முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கவில்லை. என் சேலை மடிப்பில் இருந்த கவனம் அட்டைகளில் இல்லை.

மேடத்தின் அட்டை வந்தது. ஆய்வுகளைப் பற்றி நான் எழுதிய வரிகளை நானே கணீரென்று வாசித்தேன். அதன் கீழே, “குடும்பத்தின் சார்பில் அவருடைய சகோதரர்” என்று இருந்தது. அதையும் வாசித்துவிட்டேன்.

முன்வரிசையிலிருந்து வேட்டி சட்டையில், திருநீறு பூசிய ஒருவர் எழுந்து மேடைக்கு வந்தார். அப்போதுதான் சாரைப் பார்த்தேன். நடுவில், நடைவழியை ஒட்டிய நாற்காலியில், மப்ளரும் ஜெர்கினுமாக உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குப் போகும் பொது அழைப்பு அவருக்கும் போயிருக்கும். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அடிவாரத்துச் சுவரில் ஒட்டிய சுவரொட்டி நினைவுக்கு வந்தது. அதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் கண்ணெதிரே தெரிந்தது. தம்பி சாதிக்காக விட்ட பெயரை நான் பெண்களின் மானத்துக்காக விட்டிருக்கிறேன். படிக்கிறவருக்கு இரண்டு தாளும் ஒன்றுதான்.

மைக் என் கையில் இருந்தது. மேடத்தின் கணவரும் அரங்கில் இருக்கிறார், அவரையும் மேடைக்கு அழைக்கிறேன் என்று ஒரு வாக்கியம் போதும். பொன்னாடையைப் பிரிக்கிற நேரம் இருந்தது. மேடையில் துறைத் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அதேதான் ஓடியிருக்கும். நான் சொன்னால் அவர் உடனே எழுந்து நின்றிருப்பார். ஆனால் எல்லோர் முன்னாலும் நின்று, வேண்டாம் என்று வாதாடியவள் நான். கைதட்டிய அந்த இரண்டு பேரும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். பட்டுச் சேலையில் நின்றுகொண்டு என் வாயால் என் கட்டுரையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அடுத்த அட்டையை எடுத்தேன்.

விழா முடிந்து தேடியபோது சார் இல்லை.

அடுத்த சனிக்கிழமை போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு போனது, கதவு திறந்ததும் மறந்துவிட்டது. அவர் வழக்கம்போல அடுப்பில் தண்ணீர் வைத்தார். முதுகைக் காட்டியபடியே பேச ஆரம்பித்தார்.

“கட்டுரை நல்லா எழுதியிருந்தீங்க. வாசல் டேபிள்ல நின்னே படிச்சுட்டேன். ஒண்ணுதான் புரியல.”

“சொல்லுங்க சார்.”

“அந்த மன்னவனூர்ச் சோலைல அந்த மழைக்கு நானும் இருந்தேன். அவ தனியா இருந்திருக்கா. அந்தப் பாறை மேலயும் ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்திருந்திருக்கோம். ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல போல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபதிப்பு வந்தால் அதில் எல்லாவற்றையும் சரியாக எழுதுகிறேன், கல்யாணத்தை எழுதுகிறேன், தாள் மாற்றியதை எழுதுகிறேன், நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன் என்று படபடவென்று சொன்னேன். மேடையில் அழைக்காததற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீரை என் முன் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்.”

பிறகு சொன்னார். விழா முடிந்து வெளியே வரும்போது மேடத்தின் தம்பி, பொன்னாடையும் புத்தகமுமாக அவரைத் தாண்டிப் போயிருக்கிறார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து சாருக்கு வந்த முதல் பேச்சு அதுதான். அக்கா படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டப்போகிறேன், பக்கத்தில் இந்தப் பொன்னாடையையும் வைக்கப்போகிறேன் என்றாராம்.

“அந்த வீட்டுச் சுவத்துல அவ படம் ஏறணும்னு அவளுக்கு ரொம்ப ஆசை. என்கிட்டச் சொன்னதில்ல. எனக்குத் தெரியும். உங்க புக்குல என் பேரு இருந்திருந்தா அவன் மேடைக்கே வந்திருக்க மாட்டான். இப்ப போய் நீங்க சேத்தீங்கன்னா, அந்தப் படத்தைக் கழட்டிருவான்.”

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே அப்படி நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் தவறு யாருக்கோ நல்லதாக முடிந்தது என்று நினைத்து நிம்மதியடையலாம். முயன்று பார்த்தேன், முடியவில்லை. படம் ஏறியது நான் நினைத்துச் செய்ததல்ல. நான் நினைத்துச் செய்தது, இந்த மனிதர் சொன்ன கதையிலிருந்து இந்த மனிதரையே எடுத்ததுதான். திருத்தி எழுதி என் பாரத்தை இறக்கிவைக்கலாம் என்று வந்தேன். அதற்கும் வழி இல்லாமல் போனது.

கிளம்பும்போது கதவருகே நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

“எனக்கு ஒரு புக்கு கெடைக்குமாம்மா? அன்னைக்கு டேபிள்ல அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன். குடும்பத்துக்கு மட்டுந்தான் சார், நீங்க யாரு குடும்பம்னு கேட்டுச்சு. சும்மா பாக்க வந்தேன்னு சொல்லிட்டேன்.”

என் பையில் இருந்த என் பிரதியைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் அம்மாவுக்குக் கொடுப்பதற்காக நான் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

இதை எழுதலாமா என்று பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். யார் பெயரும் ஊரும் தெரியாத மாதிரி என்றால் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். ஊரை மட்டும் என்னால் மறைக்க முடியவில்லை. அந்த ஈரம் இல்லாமல் தாள் மாற்றிய கதையைச் சொல்ல முடியாது. அதையும் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டேன். ஆக, புத்தகத்தில் மேடத்தின் பெயர் இருக்கிறது, கல்யாணம் இல்லை. இங்கே கல்யாணம் இருக்கிறது, பெயர்கள் இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் வாய்ப்பு என்னிடம்தான் வந்தது.

மறுபதிப்புக்கான மெய்ப்பு திருத்துவதற்காகப் போன வாரம் வந்தது. சார் சொன்னபடி கணவரைப் பற்றி எதுவும் சேர்க்கவில்லை. ‘தனியாக’ என்று நான் போட்ட இடங்களில் எல்லாம் அந்தச் சொல்லை அடித்தேன். ‘தாமே’ என்பதையும் அடித்தேன். தாள் மாற்றுகிற பத்தியில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன். பெரணிக்கு ஈரத்தாள் மாற்ற எப்போதும் இருவர் வேண்டும் என்று. அது செடியைப் பற்றிய தகவல்தான். பழனியில் யாரும் அதைப் படித்துவிட்டுப் படத்தைக் கழற்ற மாட்டார்கள்.

துறைத் தலைவர் மெய்ப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த வரியில் பேனாவை நிறுத்தினார்.

“ரெண்டாவது ஆள் யாருன்னு படிக்கிறவங்க கேப்பாங்களேம்மா” என்றார்.

கேட்கட்டும் சார் என்றேன்.  அவர் அந்த வரியைத் தொடாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.